கெடு முடிந்த சலுகை: வட கரோலினாவில் பழைய கட்டடங்களுக்கான வரி வரவு போனதும் திரும்பியதும்

2014 டிசம்பர் 31 நள்ளிரவோடு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு வரிச்சலுகை செத்துப்போனது. அதை ஒழிக்க யாரும் தனியாக மசோதா கொண்டுவரவில்லை. சட்டத்திலேயே ஒரு கெடுத் தேதி எழுதியிருந்தது, சட்டமன்றம் அதை நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்களுக்கு 1998 முதல் மாநில அரசு கொடுத்துவந்த வரி வரவு அன்றோடு நின்றது.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2016 ஜனவரி 1 அன்று, அது திரும்பி வந்தது. முன்பைவிட இளைத்து, ஏகப்பட்ட வரம்புகளோடு. நடுவில் நடந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பழைய கட்டடங்கள் மேல் பிரியம் உள்ளவர்கள் அரசிடம் போய் எதைச் சொன்னால் எடுபடும், எதைச் சொன்னால் எடுபடாது என்பது இந்த ஒரு வருடத்தில் நன்றாகத் தெரிந்தது.

வரவு என்றால் எது

80சி எல்லோருக்கும் தெரியும். வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டுவோம். வரி வரவு அதைவிடக் கனமானது. கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி கட்டும் கடைக்காரர்கள் ‘கிரெடிட் எடுக்கிறேன்’ என்பார்களே, ஏறக்குறைய அந்தக் கணக்கு.

இதன் தொடக்கம் மாநிலத்தில் இல்லை, மத்திய அரசில். 1963ல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பித்தபோது கிளம்பிய கோபம், 1966ல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஒரு காரணம். அந்தச் சட்டம் பழைய கட்டடங்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. பணம்? அது எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவருக்குத் தேய்மானக் கழிவு தாராளமாகக் கிடைத்தது. பழையதைப் பழுதுபார்க்கிறவர் கைக்காசைப் போட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. 1976ல்தான் வரிச்சட்டம் முதல்முறையாகப் பழைய கட்டடத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. 1978ல் 10 சதவீத வரவு, 1981ல் வரலாற்றுக் கட்டடங்களுக்கு 25 சதவீதம். ரேகன் காலத்து 1986 வரிச் சீர்திருத்தத்தில் அது 20 சதவீதமாகக் குறைந்தது. அதே சீர்திருத்தம், டாக்டர், வக்கீல் மாதிரியான தனிநபர்கள் இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளும் வழியையும் பெரும்பாலும் அடைத்தது. 1980களின் நடுவில் ஆண்டுக்கு மூவாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த திட்டங்கள், 1993 வாக்கில் ஐந்நூற்றுச் சொச்சமாகச் சரிந்தன. கட்டடங்களின் அழகு குறைந்துவிடவில்லை. கணக்கு மாறிவிட்டது.

இந்த 20 சதவீதத்தை வாங்குவது சும்மா இல்லை. கட்டடம் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் தனியாகவோ, பதிவான ஒரு வட்டாரத்தின் பகுதியாகவோ இருக்க வேண்டும். வாடகை, கடை, அலுவலகம் என்று வருமானம் தரும் கட்டடமாக இருக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. நிலத்தின் விலையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் கணக்கில் உள்ள மதிப்பைவிட அதிகமாக, பொதுவாக 24 மாதத்துக்குள், செலவு செய்ய வேண்டும். சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்து நின்றால் நடக்காது. மூன்று கட்டமாக விண்ணப்பம்: இது வரலாற்றுக் கட்டடம்தான் என்று காட்ட ஒன்று, என்ன வேலை செய்யப் போகிறோம் என்று சொல்ல ஒன்று, சொன்னபடி செய்தோம் என்று நிரூபிக்க ஒன்று. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் பார்த்துவிட்டு, தேசியப் பூங்காத் துறை முடிவு சொல்லும். உள்துறை அமைச்சகம் (அங்கே அது போலீஸ் துறை இல்லை, அரசு நிலங்களையும் பூங்காக்களையும் பார்ப்பது) வகுத்த பத்து விதிகள் இருக்கின்றன. அவற்றை வைத்து ஜன்னல் சட்டத்தின் தடிமன்வரை கேள்வி வரும். பருத்தி ஆலைகளில் குளிர்சாதனம் வந்த காலத்தில் பெரிய பெரிய ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். அதை உடைத்து, பழைய ஜன்னல் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வேண்டும். வேலை முடிந்து ஐந்து வருடத்துக்குள் கட்டடத்தை விற்றால், வாங்கிய வரவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். வேலை முடிந்து, கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் வரவு. திட்டம் பாதியில் நின்றால் அரசுக்கு ஒரு காசு நஷ்டமில்லை.

மத்திய அரசின் இந்த 20 சதவீதத்தின் மேல் வட கரோலினா 1998 முதல் தன் பங்காக இன்னொரு 20 சதவீதம் கொடுத்தது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு 30 சதவீதம். பிறகு 2006ல், காலியாகக் கிடக்கும் ஆலைகளுக்கென்றே தனியாக 30 அல்லது 40 சதவீதம். மாவட்டம் எவ்வளவு நலிந்தது என்பதைப் பொறுத்து.

மூன்று லட்சம் டாலர் பள்ளம்

இதெல்லாம் எதற்கு, கட்டடம் நல்லதாக இருந்தால் சந்தை தானே எடுத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் போட்டவை, விளக்கத்துக்காக. சிறிய ஊர் ஒன்றின் கடைத்தெருவில் மூன்று மாடிக் கட்டடம். வாங்க 1 லட்சம் டாலர், புதுப்பிக்க 9 லட்சம். மொத்தம் 10 லட்சம். அந்த ஊரில் வாடகை குறைவு. அந்த வாடகையை வைத்து வங்கி மதிப்பு போட்டால் முடிந்த கட்டடம் 7 லட்சம்தான் பெறும். அதாவது வேலையை நன்றாக முடித்த நாளிலேயே 3 லட்சம் நஷ்டம். மூளையுள்ள யாரும் இறங்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்துக் கூரை உள்ளே விழும், நகராட்சி இடிக்கும், அங்கே வண்டிகள் நிற்கும்.

இப்போது வரவைச் சேருங்கள். 9 லட்சத்தில் மத்திய அரசின் 20 சதவீதம் 1.8 லட்சம், மாநிலத்தின் 20 சதவீதம் இன்னொரு 1.8 லட்சம். கட்டடத்துக்காரருக்கு அவ்வளவு வரி இருக்காது. ஆகவே வரி நிறையக் கட்டும் ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ பங்குதாரராக உள்ளே வந்து, வரவைத் தான் எடுத்துக்கொண்டு, அதற்குப் பணம் கொடுக்கும். முகமதிப்புக்குக் கொஞ்சம் கீழே. 3.6 லட்சம் காகிதத்தில் இருந்தால் கையில் 3 லட்சம் வருகிறது என்று வையுங்கள். பள்ளம் மூடிவிட்டது.

மாநில வரவை மட்டும் எடுத்துவிட்டால் பள்ளம் பாதியாக மிஞ்சும். பாதி பள்ளமும் பள்ளம்தான். வண்டி போகாது. டிசம்பர் 31க்குப் பிறகு நடந்தது அதுதான்.

லோரே ஆலை

வட கரோலினாவின் நடுப்பகுதி முழுக்க நூற்பாலை, புகையிலை, மரச்சாமான். மூன்றுமே படுத்துவிட்டன. கன்னபொலிஸ் என்ற ஊரில் 2003 ஜூலை 30 அன்று பில்லோடெக்ஸ் நிறுவனம் கதவைச் சாத்தியபோது மாநிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 4,800 பேருக்கு வேலை போனது. அந்த ஆலையை அப்புறம் இடித்துவிட்டு ஆராய்ச்சி வளாகம் கட்டினார்கள். டர்ஹாம் நகரில் 1987ல் மூடிய அமெரிக்கன் டொபாக்கோ சிகரெட் தொழிற்சாலைக்கு வேறு விதி: வரி வரவுகளின் துணையோடு 2004ல் அலுவலகம், உணவகம் என்று திறந்தது. கோவை, மதுரைக்காரர்களுக்கு இந்த மாதிரி ஊர்களின் முகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் எனக்கு மனதில் நிற்பது காஸ்டோனியா ஊரின் லோரே ஆலை. லவ், கிரே என்ற இரண்டு முதலாளிகளின் பெயரை ஒட்டவைத்து லோரே. 1902ல் ஓட ஆரம்பித்தது. ஐந்து மாடி, கூடுதல் கட்டடங்களோடு சேர்த்து ஆறு லட்சம் சதுர அடி. 1929 ஏப்ரலில் இங்கே நடந்த வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய அத்தியாயம். ஒரே ஆளுக்கு மேலும் மேலும் தறிகளைக் கட்டிவிட்டு கூலியைக் குறைத்ததில் பொறுமை போய்த் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ஜூனில் ஊரின் போலீஸ் தலைவர் சுடப்பட்டு இறந்தார். செப்டம்பரில் எல்லா மே விக்கின்ஸ் என்ற ஆலைத் தொழிலாளி, சங்கத்துக்காகப் பாட்டுக் கட்டிப் பாடிய தாய், கூட்டத்துக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொலைக்கு யாருக்கும் தண்டனை இல்லை. ஊர் அதைப் பற்றி வெகுகாலம் வாய் திறக்கவில்லை.

1935ல் ஃபயர்ஸ்டோன் வாங்கி டயருக்கான நூல் செய்தது. 1993ல் உற்பத்தியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு, 1998ல் கட்டடத்தை ‘பிரிசர்வேஷன் நார்த் கரோலினா’ என்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. அந்த நிறுவனத்தின் வேலையே இதுதான்: விழப்போகும் கட்டடத்தை வாங்கி வைத்து, இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதி, புதுப்பிக்கிற ஆளுக்கு விற்பது. லோரேவுக்கு ஆள் கிடைத்து வேலை முடிய பதினைந்து வருடத்துக்கு மேல் பிடித்தது. நடுவில் 2008 பொருளாதாரச் சரிவு வேறு. மத்திய வரவு, ஆலைகளுக்கான மாநில வரவு இரண்டையும் கூட்டிக் கட்டித்தான் 2015 வாக்கில் 190 வீடுகளோடு முதல் கட்டம் குடிவந்தது.

வேலைநிறுத்தத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம் உண்டு. பாரம்பரியக் கட்டடம் என்றதும் ராஜா மாளிகையும் கோயில் கோபுரமும் நினைவுக்கு வரும் நமக்கு. இங்கே காப்பாற்றியது ஊரே மறக்க விரும்பிய ஒரு கட்டடம். ‘நம் பெருமை’ என்று சொல்லி அதற்கு ஓட்டு வாங்க முடியாது. வேறு பேச்சுதான் தேவைப்பட்டது.

எதிரே நின்றவர்கள்

2013 ஜனவரியில் பாட் மெக்ரோரி ஆளுநரானார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், நம் முதல்வர் மாதிரி.) குடியரசுக் கட்சி. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் அதே கட்சி. அந்த ஆண்டே பெரிய வரிச் சீர்திருத்தம் செய்தார்கள். அதிகபட்சம் 7.75 சதவீதமாக இருந்த வருமான வரி, எல்லோருக்கும் ஒரே விகிதமாக 5.8, அடுத்த ஆண்டு 5.75. நிறுவன வரி 6.9லிருந்து 6, பிறகு 5. பதிலுக்குச் சலுகைகளையெல்லாம் காலி செய்வது. திரைப்படப் படப்பிடிப்புக்கான வரவு போனது. குறைந்த வருமானக்காரர்களுக்கான உழைப்பு வருமான வரவும் போனது. பழைய கட்டடங்களுக்கான வரவு, கெடு தேதியோடு முடியட்டும் என்று விடப்பட்டது.

மாநில மேலவையான செனட்டில் தலைவர் ஃபில் பெர்கர், நிதிக் குழுவில் பாப் ரூசோ. இவர்கள் வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். விகிதம் குறைவாக, அடித்தளம் அகலமாக இருப்பதுதான் நல்ல வரி. ஒவ்வொரு சலுகையும் அடித்தளத்தில் ஒரு ஓட்டை, அதை அடைக்க மற்ற எல்லோரும் கொஞ்சம் கூடக் கட்ட வேண்டும். ஒருவருக்குக் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை நிற்கும். இதில் உண்மை இருக்கிறது. அப்புறம், கூலிக்காரர்களின் வரவை வெட்டிய கையோடு கட்டடம் கட்டுகிறவர்களின் வரவை நீட்டித்திருந்தால் அது எப்படிப் பார்வைக்கு இருந்திருக்கும்? வரவுக்காகப் பேசியவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கேள்வியைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் நான் இன்னும் மதித்திருப்பேன்.

ஊர் ஊராக

மெக்ரோரி சார்லட் நகரில் 14 வருடம் மேயராக இருந்தவர். அவர் தன் பண்பாட்டுத் துறைக்குச் செயலராக, அதாவது அமைச்சர் மாதிரி, நியமித்தது சூசன் கிளட்ஸ் என்பவரை. சாலிஸ்பரி என்ற சின்ன ஊரில் 1997 முதல் 2011 வரை மேயர். இரண்டு பழைய மேயர்கள். இந்தக் கதையில் இதைவிட முக்கியமான தகவல் இல்லை என்பது என் கருத்து. கடைத்தெரு செத்தால் என்ன ஆகும் என்பது மேயருக்குத் தெரிவதுபோல சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரியாது. வெளிச்சமில்லாத மாடி ஜன்னலைப் பற்றிப் புகார் மேயருக்குத்தான் வரும்.

2014 மே மாத பட்ஜெட் திட்டத்தில் ஆளுநர் பழைய வரவுக்குப் பதிலாகப் புதிய, சிக்கனமான ஒன்றை முன்வைத்தார். கீழவை ஆதரித்தது. செனட் ஏற்கவில்லை. கெடு வந்தது, போனது.

கிளட்ஸ் கிளம்பினார். மாநிலம் முழுக்க ஊர் ஊராகப் போனார். போன இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே காட்சி: உள்ளூர் மேயர், கடைக்காரர்கள், கட்டுமானக்காரர், வங்கிக்காரர், உள்ளூர்ப் பத்திரிகை. எல்லோரும் கடைத்தெருவில் நடப்பார்கள். வரவு வாங்கிப் புதுப்பித்த கட்டடம் இது, வரவு இல்லாததால் அப்படியே நிற்கும் கட்டடம் அது. மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் அந்த இரண்டாவது கட்டடத்தின் படம் வரும். அந்தத் தொகுதியின் செனட்டர் அதைப் பார்ப்பார்.

இந்த உத்தியில் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்றால், தலைநகர் ராலேயில் ஒரு பெரிய கூட்டம் போட்டு, வரலாற்றுப் பேராசிரியர்களை மேடையேற்றி, நாகரிகம் அழிகிறது என்று பேசியிருக்கலாம். கைதட்டல் கிடைத்திருக்கும், ஓட்டு கிடைத்திருக்காது. ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போடும் சிற்றூர்களின் மேயர்கள், வியாபாரிகள் வாயிலிருந்து அதே கோரிக்கை வந்தபோது, அதைப் பணக்கார நகரத்தின் ரசனை விவகாரம் என்று ஒதுக்க முடியவில்லை. அதுவரை மாநிலத்தின் 100 மாவட்டங்களில் 90ல் இந்த வரவு பயன்பட்டிருந்தது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவர் ஊர்க் கட்டடத்தையே காட்ட முடிந்தது. செனட் தலைவர் பெர்கர் குடியிருந்த ஈடனும் நூற்பாலைகளால் வளர்ந்த ஊர்தான்.

வாதங்களில் எல்லாமே ஒரே தரம் இல்லை. ‘கொடுத்ததைவிட அதிகமாக வரியாகத் திரும்பி வருகிறது’ என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது. மத்திய வரவுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் போடும் ஆண்டுக் கணக்கும் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் கேட்பது வேறு கேள்வி: வரவு இல்லாவிட்டாலும் இதில் எத்தனை வேலை எப்படியும் நடந்திருக்கும்? அதற்கு அந்த அறிக்கைகளில் திருப்தியான பதில் கிடையாது. எடுபட்டது, நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த விஷயம்தான். தனியார் முதலில் தன் பணத்தைப் போட்டு, முழுதாக முடித்துக் காட்டிய பிறகே அரசு தருகிறது. வேலைவாய்ப்பு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சலுகை வாங்கி, வாக்கை மீறிய நிறுவனங்களைப் பார்த்துச் சலித்துப்போன சட்டமன்றத்துக்கு இது காதில் விழுந்தது. இன்னொன்று, கட்டடத்துக்குக் கால் கிடையாது. சலுகையை வாங்கிக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்கு ஓடிப்போக முடியாது.

கிடப்பில்

2015 தொடக்கத்தில் கீழவையில் 152ஆம் எண் மசோதா வந்தது. மார்ச்சில் 120 பேர் கொண்ட அவையில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஆதரவோடு நிறைவேறியது. இரு கட்சியும் சேர்ந்து. அடுத்து செனட்.

செனட் அதை எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. பல ஆண்டுகளாகக் கூடாத ஒரு குழுவுக்கு அனுப்பிவைத்தது. கிடப்பில் போடுவது என்று நாம் சொல்வோமே, அதற்கு அங்கே தனியாக ஒரு குழுவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கெடுத் தேதி சத்தமில்லாமல் கொன்றது, இப்போது கூடாத குழு. ‘பழைய கட்டடங்கள் வேண்டாம்’ என்று எந்த செனட்டரும் பதிவேட்டில் ஏற வேண்டிய தேவையே வரவில்லை. எதிர்ப்பைவிட இந்த மௌனத்தோடு மோதுவதுதான் கடினம். வாதம் செய்ய ஆள் வேண்டுமே.

ஆகவே தனி மசோதாவை நம்பாமல் பட்ஜெட்டுக்குள் ஏற்றினார்கள். கீழவை தன் பட்ஜெட் வடிவத்தில் வரவைச் சேர்த்தது. ஜூலை 1ல் நிதியாண்டு தொடங்கிவிட்டது, பட்ஜெட் முடியவில்லை. தற்காலிக நீட்டிப்புகளில் அரசு ஓடியது. இரு அவைகளும் வாரக்கணக்கில் பேரம் பேசின. செனட்டுக்கு வேண்டியவை வேறு: வருமான வரியை மேலும் குறைக்க வேண்டும், விற்பனை வரியைப் பழுதுபார்ப்பு போன்ற சேவைகளுக்கும் விரித்து அதில் கிராமப்புற மாவட்டங்களுக்குப் பங்கு தர வேண்டும். கீழவைக்கும் ஆளுநருக்கும் வேண்டியவற்றில் இந்த வரவும் ஒன்று. சுமார் 2,170 கோடி டாலர் பட்ஜெட்டில் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டு, செப்டம்பர் 18 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். பழுதுபார்க்கிற வேலைக்கு விற்பனை வரி போட்ட அதே சட்டம், பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பவருக்கு வரி வரவு கொடுத்தது. பேரம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

திரும்பி வந்தது எது

புதிய வரவின் அமைப்பைக் கவனித்துப் படித்தால் யார் யாருக்கு என்ன விட்டுக்கொடுத்தார்கள் என்பது தெரியும். முதல் 1 கோடி டாலர் செலவுக்கு 15 சதவீதம். 1 கோடியிலிருந்து 2 கோடி வரை 10 சதவீதம். அதற்கு மேல் சைபர். பொருளாதாரத்தில் பின்தங்கிய முதல் இரண்டு அடுக்கு மாவட்டங்கள் என்றால் 5 சதவீதம் கூடுதல். பழைய ஆலை, கிடங்கு மாதிரி நீண்டகாலம் காலியாகக் கிடந்த இடம் என்றால் இன்னொரு 5. எல்லாம் கூட்டினாலும் ஒரு திட்டத்துக்கு 45 லட்சம் டாலரைத் தாண்டாது. ஆலைகளுக்கு இருந்த தனி 40 சதவீதம் போனது. லோரே மாதிரி ஒரு பிரம்மாண்டமான ஆலையை அதன் பிறகு எடுத்துச் செய்வது கஷ்டம் என்றானது. லோரே கடைசி நேரத்தில் ரயில் ஏறியது.

மேலே போட்ட மூன்று மாடிக் கட்டடத்துக்குத் திரும்புவோம். அது நலிந்த மாவட்டத்தில் இருந்தால் 15உம் 5உம் சேர்ந்து பழைய 20 சதவீதமே கிடைக்கிறது. பள்ளம் முன்போலவே மூடுகிறது. அதே கட்டடம் சார்லட்டிலோ ராலேயிலோ இருந்தால் 15தான். ஆனால் அங்கே வாடகை அதிகம், பள்ளமும் சின்னது. ஆகவே இதை வெறும் குறைப்பு என்று சொல்ல மாட்டேன். ஊர் ஊராகப் போய்ச் சிற்றூர்களை முன்னால் நிறுத்தி வாங்கிய சலுகை, சிற்றூர்களுக்குச் சாதகமாகவே வடிவம் எடுத்தது. யார் பேரைச் சொல்லிக் கேட்கிறோமோ அவர்கள் கணக்கு சூத்திரத்துக்குள் வந்துவிடுகிறது. பெரு நகரங்களின் பெரிய கட்டுமானக்காரர்கள் இதில் வருத்தப்பட்டிருக்கலாம். எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்காரர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. 30 சதவீதம் பாதியாகி 15 ஆனது. அதிகபட்சம் 22,500 டாலர் என்று உச்சவரம்பும் வந்தது. ஆனால் முன்பு குறைந்தது 25,000 டாலர் செலவு செய்தால்தான் விண்ணப்பிக்கலாம், புதிய சட்டத்தில் 10,000 போதும். கூரையை மட்டும் மாற்றுகிறவரும் கேட்கலாம் என்று ஆனது. பணக்காரப் பழைய வீடுகளிலிருந்து சாதாரணப் பழைய வீடுகள் பக்கம் ஒரு சின்ன நகர்வு. இதைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை.

நடுவில் பறிபோன அந்த ஒரு வருடம் இருக்கிறதே, அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. 2015ல் வேலை தொடங்க இருந்தவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது கட்டடம் சும்மா இருப்பதில்லை. ஒரு மழைக்காலம் ஓட்டைக் கூரைக்குப் போதும். வங்கி ஒப்புக்கொண்ட வட்டி மாறிவிடும். சுவரைத் திறந்தால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஈயப் பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ், கரையான் என்று கிளம்பும் தொழில் இது. அதோடு சட்டமும் வருமா வராதா என்று தெரியாவிட்டால் முதலீட்டாளர் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார். நீட்டிப்பும் ஒழிப்பும் அல்லாத இந்த இரண்டுங்கெட்டான் நிலையை அரசுகள் மலிவானது என்று நினைக்கின்றன.

இன்னொரு கையொப்பம்

புதிய சட்டத்திலும் ஒரு கெடுத் தேதி இருந்தது: 2020 ஜனவரி 1. பிறகு அது நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன்பே மத்திய வரவுக்கு ஆபத்து வந்தது. 2017 நவம்பர் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் வரிக் குழு வெளியிட்ட மசோதாவில் மத்திய 20 சதவீதம் முழுதாக நீக்கப்பட்டிருந்தது. விகிதத்தைக் குறை, சலுகையை ஒழி என்ற அதே வாதம். அமெரிக்க செனட்டின் முதல் வரைவு அதைப் பாதியாக்கி 10 என்றது. லூசியானாவின் குடியரசுக் கட்சி செனட்டர் பில் காசிடி நிதிக் குழுவில் கொண்டுவந்த திருத்தம் 20ஐ மீட்டது. விலை: ஒரே ஆண்டில் எடுத்துக்கொண்டதை இனி ஆண்டுக்கு 4 சதவீதமாக ஐந்து ஆண்டில் எடுக்க வேண்டும். 1936க்கு முன் கட்டிய, பதிவேட்டில் இல்லாத கட்டடங்களுக்கு இருந்த 10 சதவீதம் போயே போய்விட்டது. டிசம்பர் 22ல் சட்டமானது.

ஐந்து வருடத்துக்குப் பரப்பினால் முதலீட்டாளர் இன்றைக்குக் கொடுக்கும் விலை குறையும். ஐந்தாம் வருடம் வரும் டாலர் இன்றைய டாலர் இல்லை. 20 என்ற எண் காகிதத்தில் அப்படியேதான் இருக்கிறது. அந்த மூன்று மாடிக் கட்டடக்காரர் மறுபடி கணக்குப் போடுகிறார்.